காசுக்கு மட்டும் தமிழ் தெரியும்

தமிழுக்கு இந்நாட்டில் என்ன குறை என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுட் சிலர் வாதத்துக்கு முற்பட்டதும் சட்டைப்பையைத் துழாவி ஒரு நாணயத்தை வெளியே எடுப்பர். "சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இதில் இருக்கின்றனவே, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பர். கேட்பவர் ஆசிரியராயின் சற்றே தயங்குவார். மாணவராயின் வாயடைத்து நிற்பார். இவ்வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு செய்யப் போவதில்லை. நாணயம் சாட்சிக்கு அழைக்கப்பட்டுவிட்டது. ஆகவே அதனை முறையாக விசாரிப்பதே நியாயம்.

முதலில் நம்மவர் பெருமையையும் ஒருமுறை உரசிப் பார்த்துவிடுவோம். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் நந்தியும் அதன் கீழே "சேது" என்னும் தமிழ்ச் சொல்லும் உள்ளன. இதனைக் கண்டு மார்தட்டுவோர் நம்மிடையே பலர். மறுபுறத்தில், பொலன்னறுவைக் காசுகளைக் காட்டி மார்தட்டுவோரும் உளர். ஆனால் அப்பொலன்னறுவைக் காசுகளின் அமைப்பு முதலாம் இராசராச சோழனின் காசைப் பின்பற்றியது. அவற்றில் பொறித்த எழுத்தோ சிங்களமுமன்று, தமிழுமன்று, நாகரி. பராக்கிரமபாகுவின் பெயரையும் நாகரியிலேயே வாசிக்கிறோம். அக்காலத்து அக்கசாலைக்கு இனத்தூய்மை பற்றிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சேதுக் காசைக் கையிற் பிடித்த குடிமகனுக்கு நந்தியின் கீழ் இருந்த எழுத்து என்ன நன்மை செய்தது என்ற கேள்வியையோ நம் பெருமையாளர் எவரும் கேட்பதில்லை.

ஆங்கிலேயர் வந்த புதிதில் ஒருபுறம் யானையைப் பொறித்துக் காசு வெளியிட்டனர். பின்னர் 1870 ஆம் ஆண்டின் செப்புக் காசுகளில் ஒருபுறம் விக்டோரியா அரசியின் தலை; மறுபுறம் தாளிப்பனை, அதனருகே சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும். 1872 இலிருந்து ரூபாவும் சதமும் இந்நாட்டின் கணக்கு ஆயின. அன்று தொடங்கிய மும்மொழி வழக்கமே இன்றுவரை நீள்கின்றது. ஆகவே காசிலே தமிழ் இடம்பெற்றது சுதந்திர இலங்கையின் பெருந்தன்மையால் அன்று. குடியேற்ற ஆட்சி தன் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அது. சந்தையில் காசு தயக்கமின்றி ஓட வேண்டும். ஓடினாற்றான் வரி வரும். வரி வந்தாற்றான் ஆட்சி நடக்கும். காசைப் பெறுபவனுக்கு அதன் பெறுமதி விளங்க வேண்டும் என்பதற்கு மேல் வேறெந்த அன்பும் அவ்வெழுத்துகளில் இல்லை.

அதே காலத்தில் வேறொரு வகைக் காசும் இந்நாட்டில் இருந்தது. அது அரசின் காசன்று. கோப்பி வர்த்தகம் கொழித்த நாளில், கொழும்பின் கோப்பிக் களஞ்சியங்களிலே கொட்டை பொறுக்கியவர்களுக்குக் கம்பனிகள் தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வழங்கின. இன்னவளவு வேலை முடிந்தது, இன்னவளவு கூலி சேர்ந்தது என்பதற்கு அடையாளம் அது. கம்பனியின் மதிலுக்கு வெளியே அந்த வில்லைக்கு மதிப்பில்லை. இன்று அவை நாணயம் சேகரிப்போரின் பேழைகளில் பட்டுத்துணியின்மேல் கிடக்கின்றன. அவற்றைப் பெற்ற பெண்களின் பெயரை எந்தப் பேழையிலும் காண முடியாது.

1948 இல் சுதந்திரம் வந்தது. காசு அதனை அறிந்ததாகக் காட்டவில்லை. 1951 ஆம் ஆண்டுக் காசுகளிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரே வீற்றிருந்தார். 1955 இலும் 1957 இலும் வெளிவந்த இரண்டு சதக் காசில் எலிசபெத்து அரசியின் தலை. அரசியின் முகம் தாங்கிப் புழங்கிய இலங்கைக் காசு அந்த இரண்டு சதம் ஒன்றுதான். சுதந்திரம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1963 இலேதான் முடிசூடிய தலை அகன்று நாட்டின் இலச்சினை அவ்விடத்துக்கு வந்தது. அடிமைச் சின்னம் நீங்க இத்துணைக் காலம் எடுத்தமை குறித்து அந்நாளைய தேசபக்தர்கள் பெரிதும் வருந்தியதாக நாம் அறியோம். அவர்களுக்கு வேறு அலுவல்கள் இருந்தன.

அவ்வலுவல்களுள் ஒன்றை மக்கள் மறந்திலர். 1953 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், இருபத்தைந்து சதமாக இருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை எழுபது சதமாக உயர்த்தப்பட்டது. அதுவரை ஓர் இருபத்தைந்து சதக் காசை நீட்டினால் ஒரு கொத்து அரிசி. ஒற்றைக் காசு, ஒரு கொத்து. எழுத்தறியாத கிழவிக்கும் விளங்கிய கணக்கு. மறுநாள் அக்காசு பாதிக் கொத்துக்கும் போதவில்லை. காசின் எடை குறையவில்லை, உலோகம் மாறவில்லை, மன்னர் முகம் சுளிக்கவில்லை. ஆயினும் அக்காசிலிருந்து அரிசி மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. அவ்வாண்டு ஓகத்து 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பை ஏற்று நாடு ஹர்த்தால் நடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவையோ கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. காசிலே பிரித்தானிய மன்னரின் தலை, ஆபத்து வேளையில் பிரித்தானியக் கடற்படையின் கப்பல்: அரசியலுக்கும் நாணயத்துக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவது அரிது. அரிசிக் கடை வரிசையில் நின்றவர்களுள் சிங்களவரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். இருபத்தைந்து சதத்தின் மும்மொழியும் அன்று ஒரே பொருளைத்தான் சொல்லிற்று.

இனி, சாட்சியை அழைத்தவர்களின் வாதத்துக்கு வருவோம்.

1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்று சட்டமாயிற்று. 1961 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர், படையினர் அனுப்பப்பட்டனர். இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே அரசாங்கத்தின் காலத்தில் 1963 ஆம் ஆண்டின் புதிய நாணய வரிசை வெளிவந்தது. அதிலே பெறுமதி சிங்களத்தில் உண்டு, தமிழில் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. சட்டம் ஒரு மொழி பேசியது. காசு மூன்று மொழி பேசியது. தமிழிலே எழுதிய விண்ணப்பத்தை ஏற்காத கந்தோரின் சிறாப்பர், தமிழ் பொறித்த காசை மட்டும் மறுப்பின்றி எண்ணி இழுப்பறைக்குள் போட்டுக் கொண்டார்.

இது ஏன்? மறதியால் நேர்ந்ததா? அன்று. சட்டத்தை ஒருவன் விளங்கிக் கொள்ளாவிடினும் சட்டம் அவன்மீது செல்லும். ஆனால் காசை அவன் நம்பிக் கைநீட்டி வாங்காவிடின் அது ஓடாது. யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் மட்டக்களப்பு வயலிலும் மலையகத்து இலயத்திலும் காசு ஏற்கப்பட வேண்டும். உழைப்பைப் பெறும் இடத்தில் தமிழ் தேவை; உரிமையைக் கேட்கும் இடத்தில் தமிழ் தேவையில்லை. குடியேற்ற அரசு 1870 இல் போட்ட கணக்கையே சுதந்திர அரசும் 1963 இல் போட்டது. ஆகவே நாணயத்தை எடுத்துக் காட்டுவோர் தமக்கு அனுகூலமான சாட்சியை அழைக்கவில்லை. மூன்று மொழியிலும் ஆட்சி நடத்துவது இயலாத காரியம் என்று சொன்னவர்களுக்கு, அரைவிரல் அகலத் தகட்டிலேயே அது இயலும் என்று அந்த நாணயம் நாள்தோறும் விடை கூறியிருக்கிறது.

இவ்விடத்தில் தமிழர் என்ற முறையில் நாமும் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. அதே அறுபதுகளில், அதே காசை, யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைக்கு ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவன் கொண்டு சென்றான் என்று வைத்துக் கொள்வோம். கடைக்குள் அவனுக்கு ஆசனமில்லை. எல்லோரும் குடிக்கும் கிளாசு அவனுக்கில்லை. புறம்பான போத்தலோ தகரப் பேணியோதான் கிடைக்கும். காசுக்கு மட்டும் புறம்பான பெட்டி கிடையாது. அவன் கொடுத்த பத்துச் சதம் மற்றவர்கள் கொடுத்த பத்துச் சதத்தோடு ஒரே இழுப்பறையில் கலந்தது. தீட்டு மனிதனில் இருந்தது, காசில் இருக்கவில்லை! சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தைக் கடைக்குள் கொண்டு செல்ல 1966 இலும் அதன் பின்னரும் மக்கள் வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. கச்சேரியில் தமிழுக்கு இடமில்லை என்று குமுறிய கனவான்களுட் பலர், தேநீர்க் கடையில் தமிழனுக்கு இடமில்லாதது பற்றி மௌனம் சாதித்தனர். சிங்களப் பேரினவாதத்தைச் சாடும் எவரும் இதனையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்.

சின்னங்களைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. 1957 இல் புத்த சயந்தியை முன்னிட்டு ஒரு ரூபா, ஐந்து ரூபா நாணயங்கள் வந்தன. 1972 இல் நாடு குடியரசாகிப் பெயரும் இலச்சினையும் மாறின. வாளேந்திய சிங்கத்தைச் சூழத் தாமரையிதழ், மேலே தர்மச் சக்கரம், கீழே பூரண கும்பம், நெற்கதிர். புத்த சமயத்துக்கு முதன்மை இடம் என்று அவ்வாண்டின் அரசியலமைப்பு கூறியது. காசு அதனை உருவமாக்கிக் காட்டிற்று. பின்னர் 1978 இல் நிறைவேற்று ஜனாதிபதி தாமே காசில் ஏறினார். அவருக்குப் பின் வந்தவரும் 1992 இல் ஏறினார். முடியரசை நீக்கிப் பத்து ஆண்டுகூட ஆகாமல் தலை மறுபடியும் காசுக்குத் திரும்பியது. முடி மட்டுமே இல்லை.

ஆனால் 1981 ஆம் ஆண்டின் ஐந்து ரூபா நாணயம் ஒன்றைப் பற்றி நாம் நின்று பேசியே ஆக வேண்டும். சர்வசன வாக்குரிமை கிடைத்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட வெளியிடப்பட்டது அது. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் ஆண் பெண் இரு பாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தமை பெருஞ்செய்திதான். ஆசியாவில் அன்று வேறெங்கும் காண்பதரிது. (அந்த முதல் தேர்தலையே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு, பூரண சுயராச்சியம் இல்லை என்று கூறிப் பகிட்கரித்தது. அது தனியே ஆராயத் தக்க கதை.) நம் கேள்வி இதுதான்: அந்த ஐம்பது ஆண்டுகளும் வாக்குரிமை சர்வசனத்துக்கும் இருந்ததா?

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றனர். ஆளும் வர்க்கம் இதன் பொருளை உடனே விளங்கிக் கொண்டது. 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. முதலாவது சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கிற்று. இரண்டாவது சட்டம் அவர்களது வாக்கைப் பறித்தது. அப்போது அமைச்சரவையில் தமிழரும் அமர்ந்திருந்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. சந்தையில் காய்கறியைக் கூறு போடுவார்கள். அவ்வாறு மனிதர் கூறு போடப்பட்டனர். 1981 இல் அந்த நாணயம் வெளிவந்த போதும் எஞ்சியோருட் பெருந்தொகையானோர் நாடற்றவராகவே கொழுந்து பறித்துக் கொண்டிருந்தனர். அவர்களது பிரச்சினையை முடித்து வைக்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டு வரை காத்திருந்தது.

நாணயத்தின் வெட்கக்கேட்டை எண்ணிப் பாருங்கள். வாக்கில்லாத தொழிலாளியின் கூலிக்குள் வாக்குரிமை விழா நாணயம் ஒன்றும் கிடந்திருக்கக் கூடும். அதே ஆண்டு மே மாத இறுதியில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டி, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. மறு ஆண்டு திசெம்பரில், நடத்த வேண்டிய பொதுத்தேர்தலை நடத்தாமல் சர்வசன வாக்கெடுப்பினால் பாராளுமன்றத்தின் ஆயுளே நீட்டப்பட்டது. சர்வசன வாக்குரிமைக்கு நாணயம் அடித்த கைகளுக்கு அதன் ஈரம் காயும்வரைகூடப் பொறுமை இருக்கவில்லை.

1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த "உம்" என்னும் இடைச்சொல்லைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். எச்சவும்மை என்று மாணவருக்குக் கற்பிப்பர். எச்சம் எது என்பதை இன்றும் காவல் நிலையத்திலும் சுற்றறிக்கையிலும் மருந்துச் சீட்டிலும் கண்டுகொள்ளலாம்.

இதுவரை எழுத்தையும் உருவத்தையும் பார்த்தோம். உலோகத்தையும் வடிவத்தையும் பார்க்காமல் விட்டால் விசாரணை அரைகுறையாகும். பழைய காசுகளை வடிவமைத்தவர்களிடம் ஒரு நல்லறிவு இருந்தது. அதனை ஒப்புக்கொள்ள நாம் தயங்கோம். 1909 இலிருந்து ஐந்து சதம் சதுரமாக வந்தது. நாற்பதுகளிலிருந்து இரண்டு சதமும் பத்துச் சதமும் அலை விளிம்புடையனவாக வந்தன. இருட்டுப்படும் நேரத்தில் சந்தைக்காரி தன் கொட்டப்பெட்டிக்குள் விரலை விட்டால், கண்ணால் பாராமலே எது ஐந்து, எது பத்து என்று சொல்வாள். எழுத்தறியாதவளுக்கும் கண் தெரியாதவனுக்கும் அவ்விளிம்பே எழுத்து. மும்மொழிக்கு அப்பால் அதுவொரு நாலாவது மொழி. அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

அந்த மொழியைக் கொன்றது பணவீக்கம். 1978 இல் ஐந்து சதமும் பத்துச் சதமும் அலுமினியமாயின; ஊதினால் பறக்கும் என்று பகிடி பண்ணும் அளவுக்கு இலேசாயின. பின்னர் அவை வழக்கொழிந்தன. 2005 இல் ரூபாக்களும் சதங்களும் மேற்பூச்சுப் பூசிய உருக்காக மாறின. வெளியே செம்பு, பித்தளை, நிக்கல் நிறம், உள்ளே இரும்பு. 2009 இல் வந்த பத்து ரூபாவுக்குப் பதினொரு பக்கம் கொடுத்தார்கள். அது நல்ல காரியமே. ஆனால் 2017 ஆம் ஆண்டின் வரிசையில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து யாவும் கறைபடா உருக்கின் ஒரே வெண்ணிறத்துக்கு வந்து சேர்ந்தன. பொன்னிற ஐந்து ரூபாவைப் பார்த்தவுடன் அறிந்த கண்கள் இப்போது தடுமாறுகின்றன. பேருந்தில் மீதிக்காசை உள்ளங்கையில் வைத்துக் குனிந்து பார்க்கும் முதியவரைக் கேளுங்கள். செலவு குறையும் என்பது காரணமாம். நாணயம் அடிப்பவரின் செலவு குறைந்திருக்கலாம். மீதிக்காசில் ஏமாறுபவரின் செலவை யார் கணக்கிட்டனர்? இப்போது கடைகளில் மீதி ஒரு ரூபாவுக்கும் இரண்டு ரூபாவுக்கும் பதிலாக இனிப்புருண்டை கொடுக்கிறார்கள். அதே இனிப்புருண்டையை மறுநாள் விலையாக நீட்டினால் கடைக்காரர் வாங்குவதில்லை. அரசின் பெயரால் வெளியிட்ட நாணயத்துக்குச் சீனிக்கட்டி பதிலியாகிவிட்டது!

கூலிக் கணக்குக்கு வருவோம். ஆண்டுக் கணக்காகப் போராடிய பின் 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபா ஆனது. பத்து ரூபா நாணயமாக எண்ணினால் நூறு நாணயம், கைநிறைய அள்ளலாம். மறு ஆண்டு ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8. போராடிப் பெற்ற ஆயிரம், கைக்கு வந்து இரண்டு வருடம் நிரம்பும் முன்னரே அறுநூறு ரூபாவின் பொருளைக்கூட வாங்க மாட்டாததாயிற்று. 1953 இல் ஒரே நாளில் இருபத்தைந்து சதத்திலிருந்து அரிசியை எடுத்தார்கள். மக்கள் பகைவனைக் கண்ணாற் கண்டு வீதிக்கு வந்தார்கள். 2022 இல் மாதந்தோறும் சிறிது சிறிதாக எடுத்தார்கள். அதற்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். காசு மட்டும் இரு முறையும் மும்மொழியில் மௌனம் காத்தது.

இதனையெல்லாம் கேட்டபின், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தையும் ஒரு நாணயத்தில் பொறித்துவிடலாமே என்று யாரேனும் சமரசம் பேச வரக்கூடும். வேண்டாம். அவளது படத்தை விளம்பரங்களில் அச்சடித்து விற்றது போதும். நாம் கேட்பது வேறு. அடுத்த நாணய வரிசை வகுக்கப்படும்போது விரலால் தடவி அறியும் விளிம்பையும் வடிவத்தையும் மீட்டுத் தர வேண்டும். வடிவம் உறுதியாவதற்கு முன் கண் தெரியாதோர் சங்கங்களையும் சந்தை வியாபாரிகளையும் கலந்து பேச வேண்டும். எந்த ஜனாதிபதியின் தலையும், இருப்பவராயினும் மறைந்தவராயினும், காசில் ஏறக்கூடாது. காசில் எழுதிய மூன்று மொழியும் அக்காசைச் செலுத்திப் பெறும் ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும், படிவத்திலும், தீர்ப்பின் பிரதியிலும் எழுதப்பட வேண்டும்.

இன்னுமொன்று. 2031 ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமைக்கு நூறு ஆண்டு நிறைகிறது. அதற்கும் விழா நாணயம் அடிக்க எவரேனும் முனைவர் என்று எதிர்பார்க்கலாம். அவ்வாறாயின் அதன் ஒரு பக்கத்தில் 1931 என்றும் 2031 என்றும் பொறிப்பதோடு நிற்காமல், மறுபக்கத்தில் 1949 என்றும் 2003 என்றும் பொறிக்குமாறு இப்போதே கேட்டு வைக்கிறோம்.